தரவின் வடிவம் மாறும்போது

தனி ஊசல் சோதனையைச் செய்யாமல் மேல்நிலைப் பள்ளியைக் கடந்துவந்த அறிவியல் மாணவர் இருப்பது அரிது. நூலில் கட்டிய குண்டை மெல்ல ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, பதிவேட்டில் எழுதுகிறோம். ஊசலின் நீளம் 100 செ.மீ. ஆனால், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 விநாடிகள் ஆகும். மூன்று முறை அளந்து சராசரி காண்பது வழக்கம்.

இந்த அளவீடுகளைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். எப்படி எழுதிக் கொடுப்பது? ஆசிரியருக்கு எழுதுவதானால் கவலை இல்லை. 'நீளம் 100' என்றாலும், '100 செ.மீ. நீளம்' என்றாலும் அவர் புரிந்துகொள்வார். கணிப்பொறிக்கு அந்த ஊகம் கிடையாது. எது பெயர், எது அதன் மதிப்பு, ஒரு மதிப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பவற்றை முன்கூட்டியே பேசி வைத்த குறிகளால் காட்ட வேண்டும். இவ்வாறு பேசி வைத்த எழுத்து முறைகளையே தரவு வடிவங்கள் என்கிறோம்.

'யாமல்' என்னும் வடிவத்தில் நமது ஊசல் சோதனையை இவ்வாறு எழுதலாம்:

சோதனை: தனி ஊசல்
நீளம்: 100.0
அளவீடுகள்:
  - 40.2
  - 40.1
  - 40.9   # மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது

இதையே 'ஜேசான்' என்னும் வடிவத்தில் எழுதினால்:

{
  "சோதனை": "தனி ஊசல்",
  "நீளம்": 100.0,
  "அளவீடுகள்": [40.2, 40.1, 40.9]
}

'எக்ஸ்.எம்.எல்.' என்னும் வடிவத்தில்:

<பதிவு>
  <சோதனை>தனி ஊசல்</சோதனை>
  <நீளம் அலகு="செ.மீ.">100.0</நீளம்>
  <அளவீடு>40.2</அளவீடு>
  <அளவீடு>40.1</அளவீடு>
  <அளவீடு>40.9</அளவீடு>
</பதிவு>

பெயர்களைத் தமிழில் எழுதியிருப்பது இக்கட்டுரைக்காகச் செய்த அலங்காரம் அன்று. மூன்று வடிவங்களும் தமிழ் எழுத்துகளை முறைப்படி ஏற்கின்றன.

இவற்றுள் மூத்தது எக்ஸ்.எம்.எல். 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனைப் பரிந்துரையாக வெளியிட்டது. ஜேசான், டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்னும் அமெரிக்க நிரலாளரால் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பப்பட்டது. யாமல் 2001ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டது. மனிதர் கையால் எழுதவும் கண்ணால் படிக்கவும் எளிதாயிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இவற்றோடு, அட்டவணைகளைக் காற்புள்ளியிட்டு எழுதும் 'சி.எஸ்.வி.' என்னும் பழைய முறையும், 2013இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் உருவாக்கிய 'டாமல்' என்பதும் புழக்கத்தில் உள்ளன.

ஒரே செய்திக்கு இத்தனை எழுத்து முறைகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஒவ்வொரு நிரலும் ஏதேனும் ஒரு வடிவத்தையே எதிர்பார்க்கிறது. ஆய்வுக்கூடக் கருவி சி.எஸ்.வி.யில் தருகிறது, அலுவலகத்து நிரல் எக்ஸ்.எம்.எல். கேட்கிறது, வலைத்தளம் ஜேசான் அனுப்புகிறது. இவற்றுக்கிடையே துபாஷியாக நிற்பவைதாம் வடிவம் மாற்றும் கருவிகள். இத்தகைய கருவி எவ்வாறு வேலை செய்கிறது, வேலையின்போது அதன் கையிலிருந்து எவை நழுவி விழுகின்றன என்பதை இங்கே காண்போம்.

கட்டிலைக் கழற்றிப் பூட்டுதல்

கணிப்பொறியின் நினைவகத்தில் தரவு ஒரு மரம்போல் அமைந்துள்ளது. நமது எடுத்துக்காட்டில் 'பதிவு' என்பது அடிமரம். சோதனை, நீளம், அளவீடுகள் என மூன்று கிளைகள். மூன்றாவது கிளையிலிருந்து மூன்று இலைகள். நினைவகத்தில் இவை ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒரு கிளை ஓரிடத்திலும் அதன் இலை வேறோரிடத்திலும் இருக்கும். இதிலிருந்து அதற்கு வழி காட்டும் முகவரி மட்டும் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் கோப்பு என்பது மரம் அன்று. அது பைட்டுகளின் ஒற்றை வரிசை. கம்பி வழியே செல்லும் செய்தியும் அப்படியே. ஆகவே, மரத்தை அனுப்ப வேண்டுமானால் அதனைப் பிரித்து ஒரே வரிசையாக்க வேண்டும். மறுமுனையில் அவ்வரிசையிலிருந்து மரத்தை மீண்டும் எழுப்ப வேண்டும். வீடு மாறும்போது பெரிய கட்டிலைக் கால் வேறு, சட்டம் வேறு, பலகை வேறு எனக் கழற்றி வண்டியில் ஏற்றி, புது வீட்டில் மீண்டும் பூட்டுகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இது. இப்பணிக்குத் தொடராக்கம் என்று பெயர். யாமலில் இடப்புறம் விடும் வெற்றிடமும், ஜேசானில் வரும் அடைப்புக் குறிகளும், எக்ஸ்.எம்.எல்.லில் வரும் ஒட்டுகளும், எந்தத் துண்டு எதனோடு பொருந்தும் என்று தச்சர் போட்டுவைக்கும் அடையாளங்களே.

இப்போது மாற்றும் கருவியின் வேலை எளிதில் விளங்கும். அது ஒரு வடிவத்தின் எழுத்துகளை நேராக மற்றொரு வடிவத்தின் எழுத்துகளாக மாற்றுவதில்லை. முதலில் கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்து மரத்தை எழுப்புகிறது. பின்னர் அம்மரத்தை வேறு வடிவத்தின் விதிப்படி பிரித்து எழுதுகிறது. நடுவில் மரம் இருப்பதே இதன் சூட்சுமம்.

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6 வடிவங்கள் உள்ளன; ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்றி எழுதுவதானால் 6 × 5 = 30 மாற்றிகள் தேவை. நடுவில் பொதுவான மரம் ஒன்றை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு படிப்பானும் ஓர் எழுதுவானும் போதும். 12இல் வேலை முடிந்தது. வடிவங்கள் 10 ஆனால் 90க்குப் பதில் 20. புதிதாகப் பதினோராவது வடிவம் ஒன்றை யாரேனும் கொண்டுவந்தாலும் கூடுதலாக எழுதவேண்டியவை இரண்டே.

ஒய்க்யூ

இவ்வகைக் கருவிகளுள் இன்று பெரிதும் வழங்குவது 'ஒய்க்யூ' என்பதாகும். மைக் ஃபாரா என்பவர் 'கோ' என்னும் நிரல் மொழியில் இதனை எழுதினார். மூல நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விலை ஏதும் இல்லை. இதற்கு முன்னோடி, ஸ்டீபன் டோலன் 2012இல் வெளியிட்ட 'ஜேக்யூ'. ஆனால் அது ஜேசானுக்கு மட்டுமே உரியது. ஒய்க்யூ யாமலுக்காகத் தோன்றி, பின்னர் ஜேசான், எக்ஸ்.எம்.எல்., சி.எஸ்.வி. முதலியவற்றையும் ஏற்கக் கற்றுக்கொண்டது. இதே பெயரில் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வேறொரு கருவியும் உண்டு; கட்டளை எழுதும் முறையில் இரண்டும் வேறுபடும் என்பதால் நிறுவும்போது கவனம் தேவை.

இது கட்டளை வரிக் கருவி. சொடுக்குவதற்குப் பொத்தானோ சன்னலோ கிடையாது. கருவியின் பெயர், வருவது எந்த வடிவம், போகவேண்டியது எந்த வடிவம், கோப்பின் பெயர் ஆகிய நான்கையும் ஒரே வரியில் தட்டச்சு செய்கிறோம். மாற்றப்பட்ட தரவு திரையில் வந்து நிற்கும். விரும்பினால் வேறொரு கோப்பினுள் திருப்பிவிடலாம்.

படங்களைச் சொடுக்கிப் பழகிய இளைஞர்களுக்கு இது பின்னோக்கிய பயணமாகத் தோன்றக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு கோப்பை மாற்றும் கட்டளையே, சிறு மாறுதலுடன், ஆயிரம் கோப்புகளையும் மாற்றும். இரவு 2 மணிக்குத் தானாக இயங்கவும் செய்யும். அதைவிட முக்கியமானது மற்றொன்று. அந்த ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவைத்தால், என்ன செய்தோம் என்பதற்கு அதுவே செய்முறைக் குறிப்பு. சுட்டியால் எங்கெங்கே சொடுக்கினோம் என்பதை மறுவாரம் எவரால் நினைவு கூர முடியும்? இன்னொருவர் அதே சோதனையைச் செய்து அதே விடையைப் பெற வேண்டும் என்பது அறிவியலின் அடிப்படை விதியல்லவா?

இத்தகைய கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கவும் முடியும். ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக ஊற்றும் 'குழாய்' என்னும் ஏற்பாட்டை டக்ளஸ் மெக்கில்ராய் 1964இலேயே எண்ணிப் பார்த்திருந்தார். 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயக்க முறைமையில் அதனை நடைமுறைப்படுத்தினார். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு செங்குத்துக் கோடு இட்டால் குழாய் பொருத்தியாயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வடிவம் மாற்றித்தரும் வலைத்தளங்கள் பல உள்ளன. அவற்றுட் சிலவற்றில் நமது கோப்பை ஒட்டினால், அது யாரோ ஒருவருடைய கணிப்பொறிக்குச் சென்று திரும்பும். மாணவர்களின் முகவரியோ நோயாளிகளின் விவரமோ அடங்கிய கோப்பை அவ்வாறு அனுப்புவது தகாது. கட்டளை வரிக் கருவி நமது மேசையிலேயே வேலையை முடித்துவிடுகிறது.

மரக்காலிலிருந்து உழக்குக்கு

இனி நழுவி விழுபவற்றைப் பார்ப்போம். மேலே கண்ட யாமலையும் ஜேசானையும் மறுமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று காணாமற் போயிருக்கிறதே!

மூன்றாவது அளவீட்டின்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்னும் குறிப்பு ஜேசானில் இல்லை. மாற்றும் கருவி அதனைத் திருடவில்லை. ஜேசான் வடிவத்தில் குறிப்புரை எழுத இடமே கிடையாது. கிராக்ஃபோர்டு வேண்டுமென்றே அதனை விலக்கிவிட்டார். ஆயினும் விளைவை எண்ணிப் பாருங்கள். 40.9 என்னும் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை யாமல் கோப்பைப் படிப்பவர் அறிவார். ஜேசானை மட்டும் பெற்றவர் மூன்றையும் சேர்த்துச் சராசரி கண்டுவிடுவார். கருவி பிழைச் செய்தி எதையும் காட்டாது. எல்லாம் முறைப்படியே நடந்தது.

யாமலின் 1.2ஆம் பதிப்பு, ஜேசானைத் தன்னுள் அடங்கிய பகுதியாகவே கொண்டு வகுக்கப்பட்டது. எனவே ஜேசானிலிருந்து யாமலுக்குச் செல்வது உழக்கில் உள்ளதை மரக்காலில் கொட்டுவது போல, எதுவும் சிந்தாது. எதிர்த்திசையில் சென்றால் சிந்தும்.

எக்ஸ்.எம்.எல்.லில் சிக்கல் வேறு வகை. 'நீளம்' என்னும் ஒட்டுக்குள் 'அலகு' என்றொரு பண்பு செருகப்பட்டுள்ளதைக் கண்டீர்கள். ஜேசானிலோ யாமலிலோ அத்தகைய செருகல் கிடையாது. ஒய்க்யூ இதற்கென ஒரு வழி வகுத்துக்கொண்டுள்ளது. பண்பின் பெயருக்கு முன்னே '+@' என்னும் குறியை இட்டு அதனையும் ஒரு கிளையாக்கிவிடுகிறது. தகவல் காப்பாற்றப்பட்டது, ஆனால் மரத்தின் உருவம் சற்று மாறிவிட்டது. வேறொரு கருவி வேறொரு குறியை இடும்.

இதைவிட வம்பான ஒன்று உண்டு. எக்ஸ்.எம்.எல். பதிவில் 'அளவீடு' என்னும் ஒட்டு மூன்று முறை வந்ததால் கருவி அதனை ஒரு பட்டியல் எனக் கண்டுகொள்கிறது. ஒரு மாணவர் ஒரே ஒரு முறை மட்டும் அளந்திருந்தால்? ஒட்டு ஒன்றுதான் இருக்கும். அது ஓர் உறுப்பை உடைய பட்டியலா, தனி மதிப்பா என்பதை எழுத்திலிருந்து அறிய வழியில்லை. பெரும்பாலான கருவிகள் தனி மதிப்பு என்றே கொள்ளும். பட்டியலை எதிர்பார்த்து எழுதப்பட்ட அடுத்த நிரல் அங்கே தடுக்கி விழும். பல பதிவுகளை வைத்துச் சோதித்தபோது சரியாக ஓடியது, ஒற்றைப் பதிவு வந்த அன்று நின்றுவிடுகிறது. அனுபவமுள்ள நிரலாளர்களும் இதில் அடிபடுகிறார்கள்.

சி.எஸ்.வி. மரமே அன்று, தட்டையான அட்டவணை. கிளைக்குள் கிளை உள்ள தரவை அதில் அடக்க முயன்றால் ஒய்க்யூ மறுத்துப் பிழைச் செய்தி தருகிறது. தட்டையான பதிவுகளின் பட்டியலை மட்டுமே அது ஏற்கும். இம்மறுப்பு எரிச்சலூட்டினாலும், என் கருத்தில் இதுவே நல்ல கருவிக்கு அழகு. வாயை மூடிக்கொண்டு பாதியை எழுதிவைக்கும் கருவியைவிட முடியாது என்று சொல்லும் கருவி எவ்வளவோ மேல்.

எண்ணா, எழுத்தா?

இயற்பியல் மாணவருக்கு 2.01 வேறு, 2.010 வேறு. முதலாவதில் மூன்று முக்கிய எண்ணுருக்கள், இரண்டாவதில் நான்கு. கடைசிச் சுழியம் நமது கருவியின் துல்லியத்தைக் கூறுகிறது. ஆனால் மாற்றும் நிரல் இதனை எண்ணாகப் படித்தவுடன், கணக்கில் இரண்டும் ஒன்றே என்பதால், திரும்ப எழுதும்போது பெரும்பாலும் 2.01 என்றே எழுதும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இரு மொழிகளிலும் இவ்வாறே நிகழ்கிறது. 2021 அக்டோபரில் பைத்தான் மொழியின் 3.10ஆம் பதிப்பு வெளிவந்தபோது, யாமல் கோப்புகளில் 3.10 என்று மேற்கோள் குறியின்றி எழுதியிருந்தவர்கள் பலருடைய கணிப்பொறிகள் 3.1ஆம் பதிப்பைத் தேடிப் புறப்பட்டன. பதிப்பு எண் உண்மையில் எண் அன்று, பெயர். அதனைக் கணிப்பொறிக்கு யார் சொல்வது?

யாமலின் குறை இங்கேதான் இருக்கிறது. எழுதுவோரின் வசதிக்காக மேற்கோள் குறியை அது வற்புறுத்துவதில்லை. ஆகவே, எது எண், எது எழுத்து, எது ஆம்-இல்லை என்பதைப் படிக்கும் நிரல் உருவத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியுள்ளது. 2005ஆம் ஆண்டு வெளியான 1.1ஆம் பதிப்பின் விதிகள் இந்த ஊகத்தை மிகத் தாராளமாக அனுமதித்தன. ஆங்கிலத்தில் ஆம், இல்லை என்னும் சொற்களை அப்படியே எழுதினாலும் அவை உண்மை, பொய் என்னும் தருக்க மதிப்புகளாகக் கொள்ளப்படும். உலக நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறியீடுகள் உண்டு. நார்வே நாட்டின் குறியீடு 'என்', 'ஓ' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். சேர்த்துப் படித்தால் 'நோ'! நாடுகளின் பட்டியலை மாற்றும்போது இந்தியாவும் இலங்கையும் பத்திரமாக வந்து சேர, நார்வே மட்டும் 'பொய்' என மாறி நிற்கும். கணிப்பொறித் துறையினர் இதற்கு 'நார்வே சிக்கல்' என்றே பெயரிட்டுவிட்டனர்.

2009இல் வந்த 1.2ஆம் பதிப்பு இவ்விதியைக் கைவிட்டது. ஆனாலும் பழைய விதியைப் பின்பற்றும் நிரல்கள் இன்றும் உள்ளன. பைத்தான் மொழியில் பரவலாகப் பயன்படும் 'பையாமல்' அவற்றுள் ஒன்று. ஒய்க்யூ நார்வேயை எழுத்தாகவே விட்டுவிடுகிறது. ஆக, ஒரே கோப்பு, இரண்டு கருவிகள், இரண்டு விடைகள்.

பழைய விதியின் இன்னொரு விநோதம், அறுபதடிமான எண்கள். நிமிடத்துக்கு 60 விநாடி என்று பாபிலோனியர் வழியாக வந்த கணக்கை மதித்து, முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எண்களை அது 60இன் அடுக்குகளாகக் கொள்ளும். 50 அலைவுகளுக்கு ஆன நேரத்தை 1:40 என்று எழுதினால், 1 × 60 + 40 = 100 எனப் படிக்கும். இது விநாடிக் கணக்குக்கு அழகாகவே பொருந்துகிறது! ஆனால் கணிப்பொறி வலையமைப்பில் வாயில் எண்களையும் 22:22 என்பது போல் இணைத்து எழுதும் வழக்கம் உண்டு. அதுவும் 22 × 60 + 22 = 1342 ஆகிவிடும். அதேபோல் சுழியத்தில் தொடங்கும் முழு எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்ளும். 0123 என்னும் பதிவெண் 64 + 16 + 3 = 83 ஆகும்.

பெரிய எண்களில் வேறொரு பள்ளம் உள்ளது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எண் எனப்படுவது பொதுவாக 64 பிட்டுகளில் வைக்கப்படும் தசம வகை எண். அவற்றுள் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட்டுகளின் துல்லியமே. 2இன் 53ஆம் அடுக்கு 9007199254740992. அதுவரை ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியே குறிக்கலாம். அதைக் கடந்தால் அளவுகோலின் மீச்சிற்றளவு 1இலிருந்து 2 ஆகிவிடுகிறது. இரட்டைப்படை எண்களே மிஞ்சுகின்றன. 9007199254740993 என்று எழுதி அனுப்பினால் மறுமுனையில் 9007199254740992 என்று படிக்கப்படும். நீளத்தை அளக்கையில் இவ்வேறுபாடு பொருட்டே அன்று. அடையாள எண்ணாயின், அது வேறொருவருடைய எண்! ட்விட்டர் நிறுவனம் 2010இல் தனது செய்திகளுக்கு 64 பிட் அடையாள எண்களை வழங்கத் தொடங்கியபோது இவ்விடரை உணர்ந்து, அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் இரண்டாம் முறை சேர்த்து அனுப்பியது. நமது ஆதார் எண்ணுக்கு 12 இலக்கங்களே என்பதால் இந்த எல்லைக்கு வெகு கீழே உள்ளது. எக்செல் விரிதாளோ 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாகத் தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும்.

கூட்டவும் கழிக்கவும் தேவைப்படாத எண்ணை எழுத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் துணிபு. தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண், தேர்வுப் பதிவெண் இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி கண்டவர் யார்?

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

இவையெல்லாம் நிரலாளரின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. மனித மரபணுக்களுள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் ஆங்கில மாதப் பெயர்களை ஒத்திருந்தன. 'செப்ட்2' என்னும் மரபணுவின் பெயரை விரிதாளில் திறந்தால் அது செப்டம்பர் 2ஆம் நாளாக மாறிவிடும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருப்பதைக் கண்டது. முடிவில் விரிதாளைத் திருத்தக் காத்திராமல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. செப்ட்2 இப்போது செப்டின்2.

அதே 2020இல் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கடுமையானது. கோவிட் நோய்ச் சோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து சி.எஸ்.வி. கோப்புகளாக வந்தன. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செலின் பழைய 'எக்ஸ்.எல்.எஸ்.' வடிவத்துக்கு மாற்றி, மைய அமைப்புக்கு அனுப்பியது. சி.எஸ்.வி. கோப்புக்கு வரிசை எல்லை ஏதும் கிடையாது. பழைய எக்ஸ்.எல்.எஸ். தாளிலோ 65,536 வரிசைகளே அடங்கும். அது 2இன் 16ஆம் அடுக்கு. 2007 முதல் வந்த புதிய வடிவில் 10,48,576 வரிசைகள் உண்டு. ஆனால் அங்கே பழையதே வழக்கத்தில் இருந்தது. ஒருவருடைய முடிவுக்கே பல வரிசைகள் தேவைப்பட்டமையால், ஒரு கோப்பில் 1,400 பேர் அளவுக்கே இடமிருந்ததாகச் செய்திகள் கூறின. எல்லையைத் தாண்டிய வரிசைகள் ஓசையின்றி விடுபட்டன.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, நோய் உறுதியான 15,841 பேர் இவ்வாறு நாள்தோறும் வெளியிடப்படும் கணக்கிலிருந்து விடுபட்டனர். அவர்களுக்குத் தத்தம் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அந்தப் பட்டியலைக் கொண்டே நடந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவருடைய வீட்டாரையும் உடன் பணிபுரிவோரையும் எச்சரிக்க எவரும் உரிய காலத்தில் அழைக்கவில்லை. எதையும் யாரும் அழிக்கவில்லை; ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள், அவ்வளவே. வந்த வரிசைகள் எத்தனை, போன வரிசைகள் எத்தனை என்று இரு முனையிலும் எண்ணியிருந்தால் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும்.

செய்து பாருங்கள்

எண்ணிப் பார்ப்பது முதற் சோதனை. இரண்டாவது, போய்த் திரும்பும் சோதனை. யாமலை ஜேசானாக்கி, அந்த ஜேசானை மீண்டும் யாமலாக்கி, முதற்கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதற்கும் கட்டளை வரிக் கருவிகள் உள்ளன. திரும்பி வந்ததில் எது குறைந்திருக்கிறதோ அதுவே வழியில் சிந்தியது. இச்சோதனையும் முழுமையானது அன்று. படிப்பவரும் எழுதுபவரும் ஒரே தவற்றை ஒருசேரச் செய்தால் ஒப்பீட்டில் அது தெரியாது. ஆகவே திரும்பும் வழிக்கு வேறொரு கருவியைப் பயன்படுத்துவது நலம்.

கணிப்பொறி கிடைக்கும் மாணவர்கள் கீழ்க்காணும் மூன்று வரிகளை ஒரு யாமல் கோப்பில் எழுதுங்கள்:

பதிவெண்: 0123
நேரம்: 1:40
பதிப்பு: 3.10

பையாமல் கொண்டு இதனைப் படித்து ஜேசானாக எழுதச் செய்தால், மதிப்புகள் 83, 100, 3.1 என்று வெளிவரும். இடப்புறம் இருந்த தமிழ்ப் பெயர்களும் அடையாளம் தெரியாத எண் கோவைகளாக மாறியிருக்கலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். ஆங்கிலமல்லாத எழுத்துகளைப் பின்சாய்கோடு இட்டு எண்களாக எழுதுவது பைத்தானின் இயல்பான வழக்கம். அவ்வழக்கத்தை நிறுத்தி வைக்க ஒரு தெரிவும் உண்டு. எழுத்து உருவம்தான் மாறியது. மீண்டும் படித்தால் அதே தமிழ்ச் சொல் கிடைக்கும்.

அதே கோப்பை ஒய்க்யூ கொண்டும் மாற்றி, இரண்டு விடைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பின்னர் மூன்று மதிப்புகளுக்கும் மேற்கோள் குறியிட்டு, இரண்டு கருவிகளையும் மறுபடி இயக்குங்கள். இம்முறை இரண்டிலும் 0123, 1:40, 3.10 என நீங்கள் எழுதியவாறே வந்து நிற்கும்.